ரெட்டைத் தொண்டை வண்டி

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லாம் கூடியபோது, நம்மில் ஒருவர் அந்தப் பழைய ரெட்டைச் சைலன்சர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாரே, நினைவிருக்கும். முட்டுவலிக்காரர்கள்கூட மாறி மாறி ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டீர்கள். நான் மட்டும் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி, இரண்டு சைலன்சருக்கும் நேரே இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, என்ன, குளிர் காயுதியா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்கிற விஷயமில்லை அது. எழுதுவதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டவர்கள் நீங்கள். நம் வீடுகளின் வண்டவாளம் நமக்குள் தெரியாததா என்ன.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. மைனி குழித்துறைக்கும் மேற்கே இருந்து வந்தவள். அவளோடு சீதனமாக வந்தது அந்த மாதிரி வண்டி ஒன்று. எங்கள் தெருவில் அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத வண்டி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிறுத்தி, போதகர் பெட்ரோல் டாங்கியின் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பாவும் திறந்திருந்தார். குனிந்து எஞ்சினுக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்" சொன்ன கையோடு அண்ணனிடம் கேட்டார்: "இந்தக் கார்புரேட்டர் எதுக்குலே ரெண்டு கிடக்கு?"

"ரெண்டு சிலிண்டர்லாப்பா. ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்போ ரெட்டைக் குடி."

அப்பாவின் சிக்கனத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். குளித்து முடித்ததும் சோப்பை வெயிலில் காயவைப்பவர். விருந்தாளி எழுந்து வாசல் தாண்டும் முன் விசிறியை நிறுத்துபவர். அப்படிப்பட்டவர் வீட்டில் இரண்டு வாயால் பெட்ரோல் குடிக்கிற வண்டி வந்து நின்றால் எப்படித் தூக்கம் வரும்? ஒரு நாள் விடியற்காலை, குடும்ப ஜெபம் முடிந்து நாங்கள் எல்லாரும் உள்ளே போன பிறகு, அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கார்புரேட்டரின் பித்தளைத் திருகைத் தளர்த்தி, அதன் கேபிளையும் தொய்ய விட்டுவிட்டார். ஒரு வாயைப் பாதி அடைத்தால் பாதிப் பெட்ரோல் மிச்சம் என்று அவர் கணக்கு. இது வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உங்களைக் காக்க வைப்பானேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

அந்தத் திருகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால்தான் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஓடும். ஒன்று தளர்ந்தால் அந்தப் பக்கம் தூங்கிவிடும். வண்டி நொண்ட ஆரம்பித்தது. ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். நின்றால் உடம்பெல்லாம் உதறும், இருமும், அணைந்துவிடும். அண்ணன் நாகர்கோவிலில் ஆபீசுக்குப் போகிற வழியில், மணிமேடைப் பக்கம் அத்தனை பஸ்களுக்கு நடுவில், கல்யாணக் கோலம் மாறாத சட்டையோடு உதைத்து உதைத்து நின்றான். ஆபீசில் கேலி செய்தார்களாம். முகம் சிவந்துபோய் வீட்டுக்கு வந்தான்.

"பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சுத் தலையில கட்டிட்டானுவ," என்றார் அப்பா.

திருகைத் தளர்த்திய கை காய்வதற்குள் அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தான் செய்ததால்தான் வண்டி நொண்டுகிறது என்று அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லையோ என்னவோ. நல்ல வண்டி என்றால் ஒரு வாயை அடைத்தாலும் ஓடவேண்டும் என்று நினைத்திருப்பார். இப்படி அவருக்காக நானே சாக்குத் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்று அண்ணன் சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. கொடுத்தவர்கள்தான் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும் என்றாள். மைனியைக் கூப்பிட்டு, "வண்டி சரியாகுதது வரைக்கும் நீ உங்க வீட்டுல போயி இரி," என்றாள். மைனி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சுவர்க் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். சீவிய தலையையே திரும்பத் திரும்பச் சீவினான். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகவில்லை. ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மைனி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வேடிக்கை பார்த்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அம்மா, "அவ அம்மைக்கு மேலுக்குச் சுகமில்லையாம்," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மைனி திரும்பி வந்தாள். கூடவே மைனியின் அப்பா. ரப்பர் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். ஒல்லியான, வெள்ளைச் சட்டைக்காரர். இடையில் கிடைத்த நாட்களில் ஆபீசுக்கு லீவு போட்டு, வண்டி ஒர்க்‌ஷாப் ஒன்றில் போய் நின்று, என்ன செய்தால் என்ன ஆகும் என்று பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் துணிப்பை. அதில் ஸ்பேனர்களும் திருப்புளியும், அதற்கு மேல் ஒரு வாழையிலைப் பொதியும்.

அப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. "வாரும் வோய். என்ன, புதுசுன்னு சொல்லிப் பழசத் தள்ளிட்டீரு?" வேலிக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருந்தது. நல்ல சத்தமாகவே கேட்டார்.

"இச்சிரி பாத்துட்டுச் சொல்லுகேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக் கிளிப்பும் மாட்டினார். முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பித்தளைத் திருகின் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல் பளபளவென்று இருந்தது. அதை நானும் பார்த்தேன்.

"இது யாரு மாமா திருக்கினது?" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"காத்து மக்களே," என்றார். "ஆரல்வாய்மொழிக் காத்துல்லா. அது எதைத்தான் இளக்காது?"

நான் நம்பினேன். கூரை ஓட்டையே தூக்குகிற காற்று, ஒரு திருகை விட்டுவைக்குமா?

பிறகு வேலையை ஆரம்பித்தார். கார்புரேட்டர்களின் வாயை மூடியிருந்த ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, வாய்க்கு ஒரு விரலாக இரண்டு ஆட்காட்டி விரல்களையும் உள்ளே விட்டார். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு அடைப்பு உண்டு. கைப்பிடியை முறுக்கினால் அது மேலே ஏறி வழிவிடும். இரண்டும் ஒரே நொடியில் ஏற வேண்டும். அதற்குக் கைப்பிடியை முறுக்க இன்னொரு ஆள் வேண்டும். "மோளே, நீ வா," என்றார். மைனி வந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

"பைய... பைய... இன்னும் பைய." அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எடது பிந்துது. விடு. திரும்ப முறுக்கு."

அவர் கேபிளை ஒரு சுற்று இறுக்குவார், அவள் முறுக்குவாள், அவர் தலையாட்டுவார். எஞ்சினைக் கிளப்பிய பிறகு எனக்கும் வேலை வந்தது. "மக்களே, ரெண்டு கையையும் பொறத்த நீட்டு. ரெண்டுலயும் ஒரேபோல அடிக்கான்னு சொல்லு." எண்ணெய்ப் புகை முகத்தில் அடிக்க, வலது கையில் பொத்துப் பொத்தென்று நல்ல அடி விழுந்தது. இடது கையில் மூச்சுவிடுகிற மாதிரி லேசாக. அவர் பித்தளைத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்க இறுக்க, இடது கையிலும் அடி ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் எது இடது, எது வலது என்று தெரியாமல் போனது. வண்டி உதறலை நிறுத்திவிட்டு அமைதியாக ஓடியது. எனக்கு என்னமோ நானே சரிபண்ணிய மாதிரி ஒரு பெருமை. கவுனெல்லாம் கரும்புள்ளி.

"தப்பு எங்க பக்கந்தான்," என்றார் மைனியின் அப்பா, அப்பாவிடம். "வண்டிக்கு ரெண்டு தொண்டை. ஒண்ணு பிந்தித் தொறந்துருக்கு. லாரியில வார வழியில இளகியிருக்கும். மன்னிச்சுக்கிடணும்."

"நான் அப்பவே சொன்னேன்லா," என்றார் அப்பா.

நல்லவேளை, பத்து வயதில் எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அடுத்த மாதம் வண்டி மறுபடியும் நொண்டியது. அதற்கடுத்த மாதமும். ஆனால் மைனியை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பதில் அப்பா ஒரு கார்டு எழுதிப் போடுவார்: 'வண்டி மீண்டும் இடக்குச் செய்கிறது. வரவும்.' அவ்வளவுதான். சுகம் விசாரிக்கிற ஒரு வரிகூட இருக்காது. சனிக்கிழமை காலை மைனியின் அப்பா வந்து நிற்பார். அண்ணனுக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ். அன்றைக்கு அவன் பஸ்சில் போவான். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இப்படியே அந்தக் காற்றுக் காலம் முழுக்க நடந்தது.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண்ணைக் கொடுத்தவர்கள் காரணமில்லாமல் எங்கள் நடை ஏறக்கூடாது. வந்தால் முறையோடு வரவேண்டும்: ஏத்தன் வாழைக்குலை, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கூடவே நாலு பேர். அப்படி வருகிறவர்களுக்கு முன்னறையில் நாற்காலி, கண்ணாடி அலமாரியில் இருக்கிற பூப்போட்ட கோப்பையில் சாயா. வண்டி சரிபண்ண வந்தால் இதெல்லாம் கிடையாது. முற்றத்தில் சாக்கு, பால்காரருக்கு வைத்திருக்கிற எவர்சில்வர் தம்ளர். மத்தியானம் உள்ளேயிருந்து குழம்பு கொதிக்கிற மணம் வரும். சாப்பிட யாரும் கூப்பிடமாட்டார்கள். சம்பந்தியை அம்மா மெக்கானிக் ஆக்கிவிட்டாள். அவரும் அதற்கு உடன்பட்டவர் போல, வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார்.

அந்த இலைப் பொதியில் மரச்சீனிக் கிழங்கு அவித்து மசித்து வைத்திருக்கும், ஓரத்தில் மீன்கறி. மைனிக்கு. நாஞ்சில் நாட்டு நெற்சோற்றுப் பெருமை எங்கள் அம்மாவுக்கு. கிழங்கை அடுப்பில் ஏற்றவிடமாட்டாள். "கெழங்கு தின்னிகள்" என்று வாய் கூசாமல் சொல்வாள். மைனி தண்ணீரை 'வெள்ளம்' என்று சொன்னால் நானும் சேர்ந்து ராகம் போட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில், கைப்பிடி முறுக்குகிற இடைவேளையில், வண்டியின் மறைவில் குந்திக்கொண்டு பெட்ரோல் வாடையடிக்கிற கையாலேயே அவள் அந்தக் கிழங்கைத் தின்னும்போது பார்க்க வேண்டும். எனக்கும் ஒரு உருண்டை தருவாள். அதன் ருசியை எந்த விருந்திலும் நான் பிறகு கண்டதில்லை.

"ஏட்டி, அடுக்களையில வேலை கிடக்கு," என்று அம்மா குரல் கொடுப்பாள்.

"ரெண்டு ஆளு இல்லாம இந்த வேலை நடக்காது, மைனி," என்று அவர் பணிவாகப் பதில் சொல்வார். அவருக்கு அம்மா மைனி முறை. "இச்சிரி நேரம். இப்ப விட்டுருவேன்."

அந்த இச்சிரி நேரம் மத்தியானம் தாண்டிப் போகும். இடையிடையே மைனி, "அம்மை என்ன செய்யுதா?" என்பாள். "சுகமா இருக்கா." "ஆடு?" "ரெண்டு குட்டி போட்டுருக்கு." இப்படி. எல்லாம் முடிந்து, என் இரண்டு கைகளும் ஒரே மாதிரி அடி வாங்கியதும், "போதும் மக்களே, கைய கழுவு," என்பார். நான் தொட்டிப் பக்கம் ஓடும்போது, அவர் திருப்புளியை இன்னொரு தடவை திருகில் வைத்து எடுப்பதைப் பார்ப்பேன். கடைசியாக ஒரு பூட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு அவர் முறையோடு வந்தார். குலை, பலகாரம், நாலு பேர். அயர்ன் மடிப்பு கலையாத வேட்டி. முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பூப்போட்ட கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றி அப்பாவோடு பேசினார். மைனி கேக்குத் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்னறையில் நிற்பது மரியாதை இல்லையே. போகும்போது வாசலில், "சுகந்தானே மோளே?" என்றார். "சுகந்தான்," என்றாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவர்கள் பேசியது. சாக்கில் உட்கார்ந்தபோது இருந்த முகம் அன்றைக்கு அவருக்கு இல்லை. அதை அப்போதே கவனித்தேன், ஏனென்று யோசிக்கவில்லை.

மைனி முதல் பிரசவத்துக்குப் போனாள். அதற்குள் அண்ணனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து, வண்டியை விற்றுவிட்டார்கள். பிள்ளையோடு திரும்பி வந்த மைனி முற்றத்தைப் பார்த்தாள். வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. சோடாக்காரம் போட்டுத் தேய்த்துவிடச் சொன்னாள் அம்மா. "கெடக்கட்டும் மாமி," என்றாள் மைனி. அவள் ஒரு வேலையை மறுத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவள் அப்பா வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வந்தார், குலையோடும் நாலு பேரோடும்.

வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா போனாள். அப்பாவுக்கு வயதாகி நாற்காலியோடு நாற்காலியானார். மைனியின் அப்பா இறந்த அன்று, அடக்க ஆராதனை முடிந்து வேனில் திரும்பி வந்து, எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அழுது வீங்கிய முகத்தோடு மைனிதான் எழுந்து போய் எல்லாருக்கும் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அப்பாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"பாவம் மனுசன். நான் செய்த வேலை தெரியாமலே போயிட்டாரு, கேட்டியளா?" என்று ஆரம்பித்தார். ஜெபத்தன்று இரண்டு கார்புரேட்டரைப் பார்த்தது, விடியற்காலை திருப்புளி, ரெட்டைக் குடி, எல்லாவற்றையும் ஒரு வேடிக்கைக் கதை போலச் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை சீவுவதற்குக் கண்ணாடியும் இல்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அப்பா நிறுத்தவில்லை.

"ரெண்டு தடவைதான் தொட்டேன். பெறவு எனக்கே பயம் வந்து விட்டுட்டேன். ஆனா சவம், அதுக்குப் பெறவும் மாசாமாசம் இளகிச்சே! அப்போ வண்டியிலயும் கொறை இருந்துருக்கு, இல்லியா?"

"வண்டியில ஒரு கொறையும் இல்ல மாமா," என்றாள் மைனி. தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க திருக்கினது எங்கப்பாவுக்கு மொத நாளே தெரியும். பெறவு மாசாமாசம் இளக்கி வச்சது எங்கப்பாதான்."

"அவரா? அவரு எதுக்கு இளக்கணும்?"

"வண்டி நல்லா ஓடினா, எங்கப்பா என்ன சொல்லிட்டு இங்க வருவாங்க?"

என்னைக் கை கழுவ அனுப்பிவிட்டு அவர் வைத்த அந்தக் கடைசித் திருகல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பூட்டு இல்லை அது. அடுத்த மாதம் வருவதற்கு வேண்டிய அளவு மட்டும். வழியில் அணைந்து மகளுக்குப் பேச்சு வாங்கித் தராத அளவு, அப்பா ஒரு கார்டு எழுதுகிற அளவு. அதைத்தான் ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து இளக்கியிருக்கிறார்.

அப்பாவின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. சின்னக் குரலில், "வரணும்னு கேட்டுருந்தா, நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார்.

மைனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும் போல நானும் அவள் வாயைப் பார்த்தேன்.

"சாயா ஆறுது மாமா," என்றாள்.

இப்போதும் அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறவள் மைனிதான். அவள் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. அண்ணனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நான் நினைத்தபோதெல்லாம் போய், வெறுங்கையோடு சமையலறை வரைக்கும் நுழைந்து, கால்நீட்டி உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அங்கே செருப்பைக் கழற்றும்போது கொடியில் கிளிப்பு மாட்டிய அந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்து, ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

அதனால்தான் அன்றைக்குக் கையை நீட்டினேன். நம் கூட்டாளி வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். இரண்டு கையிலும் ஒரேபோல அடித்தது. இடது பக்கம் கொஞ்சம் பிந்தியிருக்கக் கூடாதா என்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.